கப்பல் பாட்டின் நடுத்துண்டு

கேள்வி கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்தேழு.

"மிஸ், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்" என்றார் சுந்தரவதனம்.

"கேளுங்க சார்" என்றாள் பெனடிக்டா.

திருச்சி தென்னூரில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் அவள் கிடார் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கீழே பஞ்சு அடிப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு மேலே ஏறி வந்து கம்பிகளில் உட்காரும். மூடினால் வேர்க்கும். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றிருந்த சுந்தரவதனமும் அப்படியே கூப்பிட்டார். வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒருத்தன் ஒரு பாட்டை உண்டாக்குறான். இன்னொருத்தன் அதை எடுத்து வாசிக்கிறான். ரெண்டாவது ஆள் எவ்வளவுதான் நல்லா வாசிக்கட்டுமே, முதல் ஆளுக்குச் சமமாக முடியுமா?"

"என்ன பாட்டு?"

"ராக் பாட்டு. இங்கிலீஷ்."

"எதுக்குக் கேட்குறீங்க?"

சுந்தரவதனம் மடியிலிருந்த கிடாரை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அது கொஞ்சம் நீளமான கதை.

*

அவர் பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. கையில் கடிகாரம் கட்டாதவர்கள்கூட அங்கே நேரம் தவற மாட்டார்கள். ஒர்க்‌ஷாப் சங்கு பார்த்துக்கொள்ளும். சாயங்காலச் சங்கு ஊதியதும் வாசல் வழியே சைக்கிள்கள் மதகு திறந்த மாதிரி வெளியே வரும். அந்தக் கூட்டம் வடிந்த பிறகு, வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய நிலக்கரிக் கொட்டகையில் நான்கு இளைஞர்கள் கூடுவார்கள். அதனாலேயே தங்கள் குழுவுக்குச் சாயங்காலச் சங்கு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போஸ்டரில் மட்டும் 'ஈவினிங் சைரன்ஸ்'.

ரஹ்மத்துல்லா பாடுவார், பேஸ் கிடாரும் வாசிப்பார். லூர்து டிரம்ஸ். சுந்தரவதனம் ரிதம் கிடார். ரிதம் கிடார் என்பது தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டுகிற வேலை. ஜல்லி இல்லாவிட்டால் ரயில் கவிழும். ஆனால் ஜல்லியைப் பார்க்க யாரும் ஸ்டேஷனுக்கு வருவதில்லை.

மேலே ரயில் ஓட்டியவர் டெரிக். லீட் கிடார். ஆங்கிலோ இந்தியர். பகலில் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கிரீஸ் போகாத விரல்களோடு வந்து கிடாரை எடுப்பார். எடுத்த பிறகு அந்த விரல்களில் கிரீஸ் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டும் எழுதியதில்லை. வெளிநாட்டு ராக் பாட்டுகளை எடுத்து வாசிப்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் காலனிக்காரர்கள் கூடுகிற ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும்போது மேடை அவர்களுடையது. எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு பாட்டு. இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுக ஊரைச் சேர்ந்த நாலு பேர் உண்டாக்கிய பாட்டு. கப்பலில் போன ஒருவன் திரும்பி வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரியும். மற்ற வார்த்தைகள் பாடுகிற ரஹ்மத்துல்லாவுக்கே புரியாது. கப்பல் பாட்டு என்று சொல்வார்கள். அதன் நடுவில் டெரிக் தனியாக வாசிக்கிற ஒரு துண்டு வரும். அப்போது ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மரத்தரையில் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

ஒரு வருஷம் சென்னையில் நடந்த போட்டி ஒன்றுக்குப் போனார்கள். கப்பல் பாட்டை வாசித்தார்கள். நடுவராக உட்கார்ந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, "நல்ல ஜெராக்ஸ்" என்றார். அரங்கம் சிரித்தது.

டெரிக்கும் சிரித்தார். "எந்தக் கடையில சார் இவ்வளவு சத்தமா ஜெராக்ஸ் எடுக்குறாங்க?" என்று திருப்பிக் கேட்டார். அரங்கம் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

சுந்தரவதனத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு ஊர். குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசிக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வாசிக்கவில்லை. அப்படியே போய்விட்டது. டெரிக் மட்டும் ஊரிலேயே இருந்து, ஒர்க்‌ஷாப்பிலேயே ஓய்வு பெற்று, போன வருஷம் ஒரு காலை நேரத்தில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய மனைவி ஐவி. அதே காலனிப் பெண். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகள் இப்போது வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். வீட்டை விற்றாகிவிட்டது. புது வருஷம் பிறந்ததும் விமானம்.

போன மாதம் ஐவி மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் மேன். கிறிஸ்துமஸ் டான்ஸ்ல அந்தக் கப்பல் பாட்டை ஒரு தடவை வாசிச்சிடுங்க. கேட்டுட்டுக் கிளம்புறேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெரிக்கின் பங்கை யார் வாசிப்பது? பேஸைத் தவிர வேறு கிடார் தொடத் தெரிந்தவர் சுந்தரவதனம் மட்டும்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் செல்போனில் அந்தப் பாட்டைத் தேடினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த இசைத்தட்டைக் கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் பொன்மலையில் யாரிடமும் அது கிடையாது. டெரிக் எங்கேயோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தார், அவர்கள் வாசித்தார்கள், அவ்வளவுதான். செல்போனில் பாட்டு கிடைத்தது. நடுத்துண்டு வந்தபோது சுந்தரவதனம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது வேறாக இருந்தது.

தொடக்கம் அதே. முடிவும் அதே. இடையில் வந்தது டெரிக் வாசித்தது இல்லை. வேகமாக, மினுமினுவென்று, வேறு எங்கோ போய்த் திரும்பி வந்தது.

*

"அப்ப டெரிக் தப்பா வாசிச்சிருக்கான் மிஸ். வருஷக்கணக்கா. நாங்க ஒழுங்கான ஜெராக்ஸ்கூட இல்ல."

பெனடிக்டா கம்பியில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதினாள்.

"அவன் பேருக்கு ஒரு குறை இருக்கக் கூடாது. ரெக்கார்டுல என்ன இருக்கோ, அதை அப்படியே நான் வாசிக்கணும். ஆனா வாசிச்சாலும் அது சமமாகுமா? அதான் என் கேள்வி."

"இப்போதைக்கு உங்களுக்கு ரெக்கார்டுல இருக்கிறது விரல்ல வரணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"வரவச்சிடலாம்."

அவள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். காலையில் வகுப்பு, மத்தியானம் வீட்டில் சாதகம். விரல்நுனித் தோல் உரிந்து, புண்ணாகி, காய்த்துப்போனது. சாப்பாட்டில் ரசம் பட்டால் எரிந்தது. "அறுபது வயசுல எந்தக் காலேஜ்ல சேரப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவர் ஸ்பூனால் சாப்பிட்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் நடுத்துண்டை ஒரு இடம் தட்டாமல் வாசித்து முடித்தார். வாசித்துவிட்டு மிஸ் முகத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றாள் பெனடிக்டா.

அவர் காத்திருந்தார்.

"சரியா இருக்கு சார். அவ்வளவுதான்."

"என் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே?"

"யாருக்கு வாசிக்கப் போறீங்க?"

"ஐவிக்கு."

"அவங்க முன்னாடி ஒரு தடவை வாசிச்சுட்டு வாங்க. அப்புறம் கேளுங்க."

*

ஐவியின் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் போய்விட்டிருந்தன. அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. ரஹ்மத்துல்லா ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். லூர்து இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து இரண்டு குச்சிகளால் தட்டிப் பார்த்து, "போன வருஷம் பேத்திக்கு வாங்கின டிரம்மைவிட நல்லா இருக்கு" என்றார். ஐவி ஒரு தட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான குல்குல் கொண்டு வந்து வைத்தாள். இந்த வருஷம் கொஞ்சமாகத்தான் சுட்டேன் என்றாள். எண்ணெய்ச் சட்டியையும் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.

பாட்டு தொடங்கியது. ரஹ்மத்துல்லாவின் குரல் கீழே இறங்கியிருந்தது, ஆனால் உடையவில்லை. லூர்துவுக்கு மூச்சு வாங்கியது. நடுத்துண்டு வந்தது. சுந்தரவதனம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஒரு இடம் தட்டவில்லை. விரல்கள் ரெக்கார்டில் இருந்த மாதிரியே வேகமாக ஏறி, மினுங்கி, இறங்கின. பாட்டு முடிந்தது.

ரஹ்மத்துல்லாவும் லூர்துவும் கைதட்டினார்கள்.

ஐவி சிரித்தபடி தட்டை நகர்த்தினாள். "நல்லா வாசிச்சீங்க. இதையும் வாசிங்க அன்னைக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "கப்பல் பாட்டு எப்போ வாசிப்பீங்க?"

லூர்துவின் கையில் குச்சி அப்படியே நின்றது.

"ஐவி, இதுதான் கப்பல் பாட்டு" என்றார் ரஹ்மத்துல்லா மெல்ல.

"பாடினது அதுதான் மேன், எனக்குத் தெரியாதா? நடுவுல வந்தது?"

"அதுதான் ஒரிஜினல் ஐவி" என்றார் சுந்தரவதனம். "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு. நான் கேட்டேன். டெரிக் வாசிச்சது..."

"டெரிக் வாசிச்சது அதுல இல்ல. எனக்குத் தெரியும்" என்றாள் ஐவி.

"தெரியுமா?"

ஐவி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் அந்தப் பாட்டை முழுசாக் கேட்டதே இல்ல. எங்க அப்பா ரேடியோவுலதான் கேட்டான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கேயோ வெளிநாட்டு ஸ்டேஷன்ல போடுவாங்க. என்னைப் பார்க்கத்தான் வரான்னு அப்பா நினைச்சார். நானும் அப்படித்தான் நினைச்சேன். இவன் ரேடியோ பக்கத்துல போய் உட்காருவான். நடுவுல அந்தக் கிடார் ஆரம்பிக்கும். உடனே ஸ்டேஷன் தேய்ஞ்சு போகும். உஸ்ஸுன்னு கடல் மாதிரி சத்தம். திரும்பி வரும்போது கிடார் முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்துல அப்படியே. அப்புறம் அந்த நிகழ்ச்சியையே நிறுத்திட்டாங்க."

"அப்ப நடுவுல அவன் வாசிச்சது?"

"அவனே சொந்தமாப் போட்டதுதான். எங்க வீட்டு மாதுளை மரத்தடியில உட்கார்ந்து போட்டான். பசங்ககிட்ட சொல்லாதே, பயந்துடுவாங்கன்னு சொன்னான்."

லூர்து குச்சிகளைக் கீழே வைத்தார். ரஹ்மத்துல்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை.

"நீ வாசிச்சது நல்லாத்தான் இருக்கு வதனம்" என்றாள் ஐவி. "ஆனா அது யாருன்னு எனக்குத் தெரியலையே."

*

மறுநாள் மாடிப்படி ஏறும்போதே சுந்தரவதனத்துக்கு இரைத்தது. எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்:

"டெரிக் வாசிச்சது எங்கேயும் இல்ல மிஸ். நாங்க ஒரு டேப்புலகூடப் பிடிச்சு வைக்கல. ஒரிஜினல் செல்போன்ல இருக்கு, அது அவளுக்கு வேணாம். அவளுக்கு வேண்டியது மண்ணுக்குள்ள போயிடுச்சு. நான் வாசிக்கலைன்னு சொல்லிடவா?"

"உங்க பங்கை வாசிங்க" என்றாள் பெனடிக்டா.

"என் பங்கா?"

"அப்ப நீங்க என்ன வாசிச்சீங்க?"

"ரிதம். வெறும் கார்ட்ஸ், நாலஞ்சு கம்பியைச் சேர்த்து அடிக்கிறது. அதுல என்ன இருக்கு?"

"அதைத்தான் வாசிங்க."

அவர் வாசித்தார். எத்தனையோ வருஷம் தொடாத வாசிப்பு. கை தடவிக்கொண்டே போய்ப் பிடித்துக்கொண்டது. முதல் அடி, இரண்டாம் அடி, பல்லவி. நடுத்துண்டு வரும் இடத்தில் அவர் கை தானாகத் தணிந்தது. டெரிக் மேலே ஏறுவதற்கு அவர் எப்போதும் அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். இப்போதும் குறைந்தது. மேலே யாரும் ஏறவில்லை.

பெனடிக்டா கிடாரைத் தொடவில்லை. அவர் நிறுத்தப் பார்த்தார். நிறுத்த வேண்டாம் என்று அவள் கையால் காட்டினாள்.

அவர் அந்த வெறுமைக்கு அடியில் வாசித்துக்கொண்டே போனார். திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும். கீழே பஞ்சு அடிக்கிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. மூன்றாவது முறையா, நான்காவது முறையா, அவர் வாய் என்னவோ முணுமுணுத்தது. அவருக்கே அது தெரியவில்லை. பெனடிக்டா தன் கிடாரை எடுத்து, அவர் முணுமுணுத்ததை ஒற்றைக் கம்பியில் மெதுவாகத் தொட்டாள்.

சுந்தரவதனத்தின் கை நின்றுவிட்டது.

"அது... அதுதான் டெரிக்."

"வாசிச்சுக்கிட்டே இருங்க."

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. அவர் ஜல்லி கொட்டினார், மேலே டெரிக் வந்தார். இந்த இடத்தில் டெரிக் தோளைச் சாய்ப்பார், கம்பி மேல்நோக்கி வளையும். இந்த இடத்தில் உதட்டைக் கடிப்பார், ஒரு சின்ன இடைவெளி. இந்த இடத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஐவியைப் பார்ப்பார், சுருதி இழுபட்டு நிற்கும். ஒன்றொன்றாக வந்தது. வரும்போதெல்லாம் சுந்தரவதனம் இருபது வயதுப் பையனைப் போல உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தடவை குதித்தார்.

ஒரு இடம் மட்டும் வரவில்லை.

சின்ன இடம்தான். நடுத்துண்டுக்கும் நடுவில், ஒரு மூச்சு நேரம். எத்தனை தடவை வாசித்தாலும் அங்கே இருட்டு.

"ஏன் அந்த இடம் மட்டும்?" என்று கேட்டாள் பெனடிக்டா.

அவர் யோசித்தார். "அங்க எனக்கு ஒரு கஷ்டமான கார்டு மிஸ். நாலு விரலும் ஒரே நேரத்துல மாறணும். தப்பிடுமோன்னு என் விரலையே பார்த்துக்கிட்டிருப்பேன். டெரிக்கை நான் கேட்டதே இல்ல அந்த இடத்துல."

"மத்தவங்க?"

"எல்லாரையும் கேட்டுட்டேன். லூர்து தாளத்தை மட்டும் சொல்றான். ரஹ்மத்துக்கு அது பேஸை நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கிற நேரமாம். ஐவிக்குக் கேட்டாத் தெரியுமாம், பாடிக் காட்டத் தெரியாதாம்." "எவ்வளவு தூரம் வந்துட்டோம் மிஸ். இந்த ஒரு இடம். இனி நான் யாரைப் போய்க் கேட்பேன்?"

"டெரிக் யாரைக் கேட்டார்?" என்றாள் பெனடிக்டா.

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவர் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

*

இன்ஸ்டிட்யூட்டில் கூட்டம் முன்போல இல்லை. காலனியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிளை முறிந்து விழுகிறது என்று தூங்குமூஞ்சி மரங்கள் சிலவற்றை வெட்டிவிட்டார்கள். ஆனால் மரத்தரை அதே மரத்தரை. மெழுகு போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெளியூர்களிலிருந்து சிலர் இந்த ஒரு சாயங்காலத்துக்காக வந்திருந்தார்கள். தலை நரைத்தவர்கள், தலையில் முடியே இல்லாதவர்கள், கைத்தடியோடு ஒருவர். பெனடிக்டா கடைசி வரிசையில், சுவரோரமாக நின்றாள்.

மூன்று பேரும் சில பழைய பாட்டுகளை வாசித்தார்கள். தப்பினார்கள், சிரித்தார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. அப்புறம் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் "ஷிப்!" என்று கத்தியது. இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

ரஹ்மத்துல்லா பாடத் தொடங்கினார். கணவன் மனைவியர் எழுந்து ஆடினார்கள். ஐவி தன் அக்கா தங்கைகளோடு மேசையில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மேடைக்கு இடப்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில் நின்றாள். முகத்தைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

நடுத்துண்டு வந்தது.

சுந்தரவதனம் முதல் சுரத்தைத் தொட்டதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. கால்கள் நின்றன. டெரிக் தோளைச் சாய்க்கும் இடம் போனது. உதட்டைக் கடிக்கும் இடம் போனது. ஐவி தரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், ஆமாம் என்பது போல.

அந்த இடம் வந்தது.

வீட்டில் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்திருந்தார். எல்லாமே அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. இப்போது எதுவும் மனதில் இல்லை. பழைய பழக்கத்தில் அவருடைய நான்கு விரல்களும் அந்தக் கஷ்டமான கார்டுக்குப் போய் உட்கார்ந்தன. தப்பவில்லை. அதை அவர் அடிக்கவில்லை. ஒவ்வொரு கம்பியாகப் பிரித்தார். கீழேயிருந்து மேலே, மெதுவாக, ஆளில்லாத வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டு போவது போல. கடைசிக் கம்பியில் ஒரு கணம் நின்றார். அது அதிர்ந்து அடங்குவதற்குள் டெரிக்கின் சுரம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

ஐவி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கைத்தடிக்காரர் தடியால் தரையைத் தட்டினார்.

மேடையிலிருந்து இறங்குகிற படியில் ஐவி நின்றுகொண்டிருந்தாள்.

"நடுவுல ஒரு இடம் வந்துச்சே. அது டெரிக் இல்ல."

"தெரியும் ஐவி."

"அப்ப யாரு?"

சுந்தரவதனம் கிடாரின் வாரைச் சரிசெய்தார்.

ஐவி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "இவ்வளவு வருஷமா அவன் பக்கத்துலயே நின்னியே. எங்க மேன் இருந்த நீ?"

*

ஐவி விமானம் ஏறிய மறுவாரம் சுந்தரவதனம் தென்னூருக்கு வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. வகுப்பில் வேறு யாரும் இல்லை.

"வாங்க சார்" என்றாள் பெனடிக்டா.

"மிஸ், நீங்க அன்னைக்கு வந்திருந்தீங்க. முழுசாக் கேட்டீங்க. ரெக்கார்டையும் கேட்டிருக்கீங்க. இப்பவாவது சொல்லுங்க. சமமா இருந்துச்சா?"

பெனடிக்டா எழுந்தாள். தான் எப்போதும் உட்காரும் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். பிள்ளைகள் உட்காரும் குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுத் தான் அதில் உட்கார்ந்தாள். கிடாரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த நடுத்துண்டை எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றாள்.

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கிடாரை எடுத்தார். வாசித்தார். தோள் சாய்கிற இடம் வந்தது, உதட்டைக் கடிக்கிற இடம் வந்தது. அதற்குப் பிறகு விரல்கள் தடுமாறின. இன்னொரு முறை தொடங்கினார். அதே இடத்தில் நின்றார்.

"வரமாட்டேங்குது மிஸ். அன்னைக்கு எப்படியோ வந்துச்சு. கார்டு ஞாபகம் இருக்கு. எந்தக் கம்பி முதல்ல, எங்க நின்னேன், எவ்வளவு நேரம் நின்னேன், ஒண்ணும் தெரியல. வீட்டுலயும் பார்த்தேன். பாதிதான் வருது."

பெனடிக்டா கம்பிகளின் மேல் விரல்களை வைத்தாள்.

"பாதி போதும் சார். மீதியை நான் போட்டுக்கிறேன்."